'அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும்' என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால் போனைக் கையில் வாங்கிக்கொண்டு சும்மா திரும்பாதீர்கள்

போன் பெட்டியின் முன்பக்கத்தில் '8 ஜிபி ரேம்' (திறந்திருக்கும் செயலிகளைப் போன் வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) என்று பெரிதாகப் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. அதற்கான விளக்கம் அடிப்பக்கத்தில், பார்கோடுக்குக் கீழே பொடி எழுத்தில்: 4 ஜிபி ரேம், 4 ஜிபி விரிவாக்க ரேம். இது என்ன என்று கடையில் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், மொத்தம் எட்டு" என்றார்கள். இரண்டும் ஒன்றே இல்லை. அந்தப் பேச்சை நம்பி இன்னொருவர் பணம் கட்டிவிடக் கூடாது, அதற்காகத்தான் இந்தப் பதிவு.

போன் அப்பாவுக்காக வாங்கியது. வங்கிச் செயலியில் பணம் அனுப்பத் தொடங்குவார், ஓடிபி வரும், அதைப் பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்புவார். வங்கிச் செயலி முதல் பக்கத்திலிருந்து திறக்கும். மறுபடி பின் நம்பர், மறுபடி தொகை, அதற்குள் ஓடிபியின் நேரம் முடிந்திருக்கும். பாட்டு கேட்டுக்கொண்டே கேமராவைத் திறந்தால் பாட்டு நின்றுவிடும். பாதி நிரப்பிய படிவத்தை விட்டு ஒரு போன் பேசிவிட்டு வந்தால் படிவம் காலி. தான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டதாக அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவர் விரல் பட்ட இடமெல்லாம் சரியான இடம்தான்.

நடந்தது இதுதான். ரேம் நிரம்பியிருப்பது ஆண்ட்ராய்டில் தப்பே இல்லை. பயன்படுத்திவிட்டு விட்ட செயலிகளை அது ரேமிலேயே வைத்திருக்கும், திரும்பப் போனால் சட்டென்று திறக்க வேண்டும் என்பதற்காக. இடம் போதாதபோது, அந்த நேரத்துக்கு எது குறைந்த முக்கியம் என்று பார்த்து அதை மூடும். உண்மையான ரேம் 4 ஜிபிதான், அதில் சிஸ்டமும் கம்பெனி ஏற்றி அனுப்பிய செயலிகளும் பெரும் பங்கைப் பிடித்துக்கொள்கின்றன என்றால், நீங்கள் இப்போதுதான் விட்டுவந்த வங்கிச் செயலியே பலியாகும்.

விரிவாக்க ரேம் என்பது தனியாக ஒரு சிப் கிடையாது. போட்டோ, வீடியோ வைக்கும் ஸ்டோரேஜிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கி, ரேமில் இடமில்லாததை அங்கே தள்ளி வைப்பது. மலிவான போன்களில் இருக்கும் இஎம்எம்சி 5.1 ஸ்டோரேஜின் உச்ச வேகமே நொடிக்கு 400 மெகாபைட்தான். எல்பிடிடிஆர்4எக்ஸ் என்ற வகை ரேம் நொடிக்குப் பல ஜிகாபைட் தாண்டும். அங்கே தள்ளியதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் மறுபடி உண்மையான ரேமுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் பெட்டியில் அச்சடிப்பதை ஏமாற்று என்றுதான் நான் சொல்வேன்.

நீங்களே பார்க்கலாம். 'போனைப் பற்றி' பகுதியில் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் மெமரி என்ற பக்கத்தில் மொத்த ரேம் எவ்வளவு என்று இருக்கும். எங்கள் போனில் அது 4 ஜிபிக்கும் சற்றுக் குறைவு. 8 என்று எங்கேயும் இல்லை.

இதையெல்லாம் காட்டிய பிறகும் சர்வீஸ் சென்டரில் ஒரே பதில்: "இது சாஃப்ட்வேர் பிரச்சினை, அடுத்த அப்டேட்ல சரியாயிடும்." ஒருமுறை, மற்ற செயலிகளை மூடி ரேமைக் காலியாக்குவதாகச் சொல்லும் 'ரேம் கிளீனர்' செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். அது விளம்பரம் காட்டியதுதான் மிச்சம். ஆண்ட்ராய்டு 14-இலிருந்து இப்படிப்பட்ட செயலி தன் சொந்தப் பின்னணி வேலைகளை மட்டுமே நிறுத்த முடியும், மற்றவற்றைத் தொட முடியாது. பழைய போன்களிலும் மூடிய செயலிகள் திரும்பத் தானாக எழுந்து பேட்டரியைத்தான் தின்றன. அப்புறம் ரீசெட் செய்யச் சொன்னார்கள். செய்தும் மாற்றமில்லை. ஒவ்வொரு முறையும் போனைக் கையோடு திருப்பிக் கொடுத்தார்கள், ஜாப் ஷீட் (போனில் என்ன புகார் என்று எழுதித் தரும் சீட்டு) போடவில்லை. கேட்டபோது, "ரிப்பேருக்கு எடுத்தாதான் போடுவோம்" என்றார்கள். இப்படிக் காத்திருக்க வைத்தே மாற்றிக் கொடுக்கும் காலக்கெடு முடிந்துபோனது.

ஒரு அப்டேட் வந்தது. பாதுகாப்புப் பேட்ச் மட்டும். பதிப்பு எண் அதேதான்.

அப்டேட்டால் எதுவும் சரியாகாது என்று சொல்லவில்லை. 2014 நவம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 5.0-இல் நினைவகக் கசிவு இருந்தது. போன் ஓட ஓட ரேம் கரைந்து, செயலிகள் தானாக மூடிக்கொண்டன. அது மென்பொருளில் இருந்த பிழை, அதனால் அப்டேட்டுக்காகக் காத்திருப்பதில் அர்த்தம் இருந்தது. ஆனால் அப்போதும், 2015 மார்ச்சில் 5.1 வந்த பிறகும் புகார்கள் ஓயவில்லை. எங்கள் போனில் இருப்பது பிழையே இல்லை, ரேம் பற்றாக்குறை. எந்த அப்டேட்டும் ஒரு சிப்பைக் கொண்டுவந்து பொருத்தாது. புதிய பதிப்பு இன்னும் அதிக ரேம் கேட்கவும் கூடும், பிடிக்கவில்லை என்று பழையதற்குத் திரும்பப் பெரும்பாலான போன்கள் விடுவதில்லை.

இன்னொன்று, அப்டேட் வருமா என்பதைக் கடைக்காரரோ சர்வீஸ் சென்டரோ தீர்மானிப்பதில்லை. கூகுள் வெளியிட்ட பிறகு சிப் தயாரிப்பவர் தன் சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் தயார் செய்ய வேண்டும், போன் கம்பெனி ஆண்ட்ராய்டின் மேல் தான் சேர்க்கும் தோற்றத்தையும் வசதிகளையும் பொருத்திச் சோதிக்க வேண்டும். நடுவில் ஒருவர் நிறுத்தினாலும் மொத்தமும் நிற்கும். வாக்குறுதி கொடுக்கிறவர்கள் பகிரங்கமாகவே கொடுக்கிறார்கள்: 2023-இல் கூகுளின் பிக்சல் 8-க்கும், 2024-இல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 ஆண்டு அப்டேட் என்று அறிவித்தார்கள். எங்கள் மாடலுக்கு எத்தனை ஆண்டு என்று கம்பெனிக்கு மின்னஞ்சலில் கேட்டேன். புதிய பதிப்புப் பட்டியலில் அந்த மாடல் இல்லை என்று பதில் வந்தது. வரவே வராத ஒன்றுக்காகத்தான் காக்க வைத்திருக்கிறார்கள்.

அந்த மின்னஞ்சல், பெட்டியின் அடிப்பக்கப் படம், மெமரி பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் வைத்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். உங்களிடமும் இதே மாதிரிப் பெட்டி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் தர மறுத்தால், வெளியே வந்த உடனே நடந்ததை எழுதிக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், தேதியோடு பதிவாகிவிடும். ஸ்டோரேஜும் நிரம்பித் திணறுகிறதென்றால் செட்டிங்ஸில் ரேம் விரிவாக்கத்தை அணைத்து, போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அது பிடித்துவைத்திருந்த 4 ஜிபியாவது போட்டோவுக்குக் கிடைக்கும்.