ஜூன் மாதத்துத் துருவ ஒளி: ஐஸ்லாந்துச் சுற்றுலா ஒன்றின் மதிப்புரை

பாலக்காட்டுப் பயண நிறுவனம் ஒன்று நடத்திய ஏழு நாள் ஐஸ்லாந்துச் சுற்றுலாவுக்குச் சென்ற ஜூன் மாதம் நானும் என் மனைவியும் போய்வந்தோம். விசா, விமானம், தங்குமிடம், இரு வேளை உணவு அனைத்தும் சேர்த்துத் தலைக்கு 3,60,000 ரூபாய். கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலிருந்து மட்டும் ஒன்பது பேர் வந்திருந்ததால் பேருந்துக்குள் தமிழும் மலையாளமும் சரிபாதியாக ஒலித்தன.

முதலில் விளம்பரத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் முகப்பில் பனிமலைக்கு மேலே பச்சைத் திரை போல் அசையும் துருவ ஒளியின் படம் இருந்தது. பயணத் திட்டத்திலும் மூன்றாம் இரவில் அதைக் காண்பதாக அச்சிட்டிருந்தார்கள். ரெய்க்யவிக் 64 பாகை வட அகலாங்கில் இருக்கும் நகரம். ஜூனில் அங்கே நள்ளிரவை ஒட்டி மறையும் சூரியன் மூன்று மணிக்கெல்லாம் எழுந்துவிடுகிறது. இடைப்பட்ட நேரத்திலும் வானம் இருட்டுவதில்லை. இருட்டு இல்லாத வானத்தில் துருவ ஒளி தெரிய வழியே இல்லை. அதற்குச் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் போக வேண்டும். இதை நான் எடுத்துச் சொன்னபோது, "மாஷே, இன்று மேகம் கொஞ்சம் கூடுதல்" என்றார் எங்களுடன் வந்த மேலாளர். முப்பது ஆண்டுகள் பள்ளியில் புவியியல் நடத்தியவனிடம் அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

இரண்டாம் நாள் திங்வெட்லிர், கெய்சிர், குல்ஃபோஸ் ஆகிய மூன்றையும் ஒரே சுற்றில் காட்டினார்கள். இவற்றுள் திங்வெட்லிருக்கு ஒதுக்கிய நாற்பது நிமிடம் போதவே போதாது. 930-ஆம் ஆண்டில் ஆல்திங் என்னும் மக்கள் மன்றம் கூடத் தொடங்கிய வெளி அது. சட்டம் ஏட்டில் ஏறாத காலத்தில், அதை மனப்பாடமாக ஓதுவதற்கென்றே ஒருவரை நியமித்து, பாறை ஒன்றின் மீது நிற்க வைத்துச் சொல்லச் செய்திருக்கிறார்கள். அந்தப் பாறைக்கு அருகிலேயே வட அமெரிக்கப் புவித்தட்டின் விளிம்பு கருஞ்சுவர் போல் எழுந்து நிற்கிறது. ஒரு காலை அமெரிக்காவிலும் மறு காலை ஐரோப்பாவிலும் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுமாறு வழிகாட்டி சொன்னது வேடிக்கைக்குச் சரி. உண்மையில் யூரேசியத் தட்டின் விளிம்பு பல கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்தாக்கின் மறுபுறத்தில் இருக்கிறது. இரண்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விலகிக்கொண்டே போக, நடுவிலுள்ள நிலம் தாழ்கிறது.

கெய்சிர் என்னும் வெந்நீர் ஊற்று இப்போது பெரும்பாலும் உறங்குகிறது. பக்கத்திலுள்ள ஸ்ட்ரோக்கூர்தான் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெந்நீரைப் பீய்ச்சி அடித்துக் கூட்டத்தை மகிழ்விக்கிறது. குல்ஃபோஸ் அருவி இரண்டு படிகளாக 32 மீட்டர் இறங்குகிறது. அதன் சாரலோடு சேர்ந்து அடித்த காற்றில் நிற்கையில், ஆனி மாதத்துக் கணவாய்க் காற்றுக்குப் பழகிய எங்களாலேயே குடையை விரிக்க முடியவில்லை.

இப்பயணத்தில் என்னை நெடுநேரம் நிற்க வைத்தது ஃபிரிட்ஹெய்மர் என்னும் தக்காளிப் பண்ணை. பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரைக் குழாய்களில் ஓடவிட்டுக் கண்ணாடிக் கூடங்களைச் சூடாக்கி, குளிர்கால இருட்டுக்கு மின்விளக்கு எரித்து, மகரந்தச் சேர்க்கைக்குப் பெட்டி பெட்டியாக உருண்டைத் தேனீக்களை வளர்த்து, ஆண்டு முழுவதும் காய் பறிக்கிறார்கள். செடிகளுக்கு நடுவிலேயே மேசை போட்டுத் தக்காளி சூப்பும் ரொட்டியும் பரிமாறுகிறார்கள். வேலந்தாவளம் சந்தையில் விலை விழுந்தால் வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாதென்று தக்காளியை வரப்பிலேயே கொட்டிவிட்டு வரும் எங்கள் ஊர் விவசாயி ஒருவர், ஒரு கொத்தில் எத்தனை காய் என்று எண்ணிப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். மண்ணும் வெயிலும் எங்களிடம் அல்லவா இருக்கின்றன!

தலைநகருக்கு அரை நாள் மட்டுமே தந்தது பெருங்குறை. தொடக்கக் குடியேறியான இங்கோல்ஃபுர் ஆர்னார்சன் இங்கே எழுந்த நீராவியைக் கண்டுதான் 'புகை விரிகுடா' என்று பொருள்படும் ரெய்க்யவிக் என்ற பெயரை வைத்தார் என்பார்கள். அதே வெப்பம் இன்று வீடுகளுக்குள் குழாய் வழியே வருகிறது. விடுதியின் சுடுநீரில் வீசும் கந்தக வாடையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள், குளிர்நீர்க் குழாயிலேயே நேராகக் குடிக்கலாம் என்பதை அறிந்தால் பாட்டில் தண்ணீருக்குப் பணம் அழ வேண்டியதில்லை. எரிமலைப் பாறைத் தூண்களின் வடிவில் எழுந்துள்ள ஹால்கிரிம்ஸ்கிர்க்யா தேவாலயத்தின் கட்டுமானம் 1945 முதல் 1986 வரை நடந்தது. 74.5 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேலிருந்து பார்த்தால் வண்ணத் தகரக் கூரைகள் கடல்வரை இறங்குகின்றன; எங்கள் குழுவை மேலே ஏற விடாமல் நினைவுப்பொருள் கடைக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். ஹார்ப்பா இசையரங்கைப் பேருந்துச் சன்னல் வழியாகத்தான் பார்த்தோம்.

புளூ லகூன் குளியலுக்குத் தனிக்கட்டணம் வாங்கினார்கள். அது இயற்கை ஊற்று அன்று. பக்கத்திலுள்ள ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையம் பயன்படுத்தி வெளியேற்றும் நீர், சிலிக்கா கலந்து வெளிர்நீலமாகத் தேங்கிய இடம். 2024 நவம்பரில் அதன் வாகன நிறுத்தத்தை மூடிய எரிமலைக் குழம்பு கறுத்து இறுகிக் கிடந்ததைக் கண்டது, குளியலைவிட மனத்தில் நின்றது.

விடுதிகள் தூய்மையானவை. உணவைப் பற்றிச் சொல்வதானால், சைவர்களுக்குத் தயிரை வடித்துக் கெட்டியாக்கினாற்போன்ற ஸ்கிர்தான் துணை. என் மனைவி அதில் எங்கள் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு நான்கு நாள் ஓட்டினாள்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். விசா வேலையைப் பிழையின்றி முடித்துத் தந்ததற்கு ஒன்று, நல்ல ஓட்டுநரை அமர்த்தியதற்கு மற்றொன்று. துருவ ஒளி குறித்து நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அடுத்த ஆண்டுக்கான விளம்பரத் தாள் மட்டும் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. ஜூன் மாதத் தேதிகளுக்கு மேலே அதே பச்சைத் திரை.