புழுக்கையில் மரபணு: மைக்ரோசாட்டலைட்டா, ஸ்னிப்பா?

அவ்வளவு பெரிய ஒட்டகச்சிவிங்கி போடுவது சின்னச் சின்னப் புழுக்கைகள்தான். உயரத்திலிருந்து விழுவதால் சிதறிக் கிடக்கும். எது எந்த விலங்குடையது என்பதே முதல் குழப்பம். புதுப் புழுக்கையின் மேல் மெல்லிய பளபளப்பு தெரியும். குடல் சுவரிலிருந்து உரிந்த செல்கள் அதில்தான் இருக்கின்றன. உள்ளே இருப்பதெல்லாம் தின்ற வேல மர இலை. அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், டி.என்.ஏ.வைப் பல பிரதிகளாக்கும் பி.சி.ஆர். வேலையைக் கெடுத்துவிடும். ஆகவே மேல்பூச்சை மட்டும் சுரண்ட வேண்டும். கிடைக்கும் டி.என்.ஏ.வும் வெயிலில் துண்டு துண்டாகியிருக்கும்.

விலங்குகளை வேறுபடுத்த டி.என்.ஏ.வில் பார்க்கும் இடங்களைக் குறிகள் என்பார்கள். அவற்றில் மைக்ரோசாட்டலைட் பழைய கை. டி.என்.ஏ.வின் ஒரே சில எழுத்துகள் எத்தனை முறை திரும்ப வருகின்றன என்று எண்ணுவது. ஒரே இடத்தில் பல வடிவங்கள் இருப்பதால் பத்துப் பதினைந்து குறிகளே நிறையச் சொல்லும். 2007இல் ஒட்டகச்சிவிங்கிகளில் குறைந்தது 6 தனி மரபு வழிகள் உண்டு என்று காட்டிய ஆய்வில் இவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் அது தோல் மாதிரிகளில். புழுக்கையில் சில நேரம் தாய், தந்தை வழிப் பிரதிகளில் ஏதோ ஒன்று மட்டும் வந்து, மற்றது வராமல் போகும். அப்போது ஒரே விலங்கு இரண்டாகத் தெரியும், கணக்கு வீங்கும். ஒவ்வொன்றையும் பலமுறை ஓட்டிப் பார்த்துத்தான் நம்ப முடியும். அப்புறம், ஒரு ஆய்வகத்தின் அளவு இன்னொன்றோடு அப்படியே ஒத்துப்போகாது.

ஸ்னிப் ஒற்றை எழுத்து மாற்றம். நூறு எழுத்துக்கும் குறைவான துண்டு போதும், அதனால் சிதைந்த டி.என்.ஏ.வுக்கு இதுவே தோது. எழுத்து எழுத்துதான், எந்த ஆய்வகத்திலும். பெரும்பாலும் இரண்டே வடிவம் என்பதால் பல மடங்கு குறிகள் வேண்டும். அவற்றை எங்கிருந்து பொறுக்குகிறோம் என்பதில்தான் சிக்கல். கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் ஒட்டகச்சிவிங்கியில் மாறுபடும் எழுத்து, மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கலாம். அங்கே 1990களின் நடுவில் மிஞ்சியவை ஏறக்குறைய 50தான். அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகளிடம் வேறுபாடே குறைவு.

சரி, ஆளை அடையாளம் காண மட்டும் என்றால் இரண்டும் வேண்டாம். உடல் திட்டுகள் வாழ்நாள் முழுக்க மாறாது, நல்ல கேமரா போதும். தாய்வழி மட்டும் தெரிந்தால் போதுமா? தாயிடமிருந்து வரும், செல்லுக்குப் பல பிரதிகள் உள்ள மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பழைய புழுக்கையிலும் கிடைக்கும். தந்தை யார், எந்தக் கூட்டம் எதோடு கலக்கிறது என்று கேட்டால்தான் இந்தப் போட்டி.

அதில் என் ஓட்டு ஸ்னிப்புக்கு, அந்தந்தக் கூட்டத்தின் சில தோல் மாதிரிகளிலிருந்தே குறிகளைப் பொறுக்கினால் மட்டும். பிறகு ஒரே விலங்கின் தோலையும் புழுக்கையையும் ஜோடியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒத்துப்போகாத குறியைத் தயங்காமல் தூக்கி எறியலாம்.