எட்டு டம்ளரா, எடைக் கணக்கா, தாகமா?

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கேட்டால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். எட்டு டம்ளர் என்பார் ஒருவர். எடையை வைத்துக் கணக்குப் போடச் சொல்வார் இன்னொருவர். தாகம் எடுத்தால் குடித்தால் போதும் என்பது மூன்றாவது கட்சி. சிறுநீரின் நிறத்தைப் பார்த்துக் குடி என்பது நான்காவது. நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய்நொடி இல்லாத பெரியவர்களுக்குத் தாகமே போதும். ஆனால் அளந்து குடித்தே ஆக வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் தாகத்தை நம்பி இருந்துவிடக் கூடாது.

எட்டு டம்ளர் கணக்கை எடுத்துக்கொள்வோம். 240 மில்லி டம்ளரில் எட்டு என்றால் சுமார் 1.9 லிட்டர். இது எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் 1945-இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் வெளியிட்ட பரிந்துரையில்தான் போய் நிற்கிறார்கள். பெரியவர்களுக்கு நாளுக்கு 2.5 லிட்டர் தகும், சாப்பிடும் ஒவ்வொரு கலோரிக்கும் 1 மில்லி என்று கொள்ளலாம் என்றது அது. கூடவே இன்னொன்றையும் சொன்னது: இந்த அளவில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது. மக்கள் நினைவில் முதல் பகுதி தங்கிவிட்டது, இரண்டாவது பகுதி காணாமல் போய்விட்டது. 2002-இல் ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக ஆய்வாளர், எட்டு டம்ளருக்கு அறிவியல் ஆதாரம் உண்டா என்று தேடிப் பார்த்து விரிவான கட்டுரை எழுதினார். மிதமான தட்பவெப்பத்தில், அதிக உடலுழைப்பு இல்லாமல் வாழும் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இவ்வளவு தேவை என்று காட்டும் ஆதாரம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அதற்காக எட்டு டம்ளர் கெடுதல் என்று அர்த்தமில்லை. பலருக்கு அது தேவைக்குப் பக்கத்தில்தான் வருகிறது. கோளாறு எங்கே என்றால், வெயிலில் கல் சுமக்கிறவருக்கும் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே எண்ணைச் சொல்கிறது. டீ, காபி, பால், குழம்பு, பழம் எதையும் கணக்கில் சேர்க்காமல் வெறும் தண்ணீரை மட்டும் எண்ண வைக்கிறது. காபி உடம்பில் இருக்கிற நீரையும் வெளியேற்றிவிடும் என்று சொல்வார்களே, 2014-இல் காபிப் பழக்கமுள்ள 50 ஆண்களை வைத்துச் சோதித்தபோது அப்படி நடக்கவில்லை. தினம் நாலு கப் காபி குடித்தபோதும், அதே அளவு தண்ணீர் குடித்தபோதும் உடலின் நீர்நிலை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

சரி, இன்றைய அதிகாரபூர்வ எண்களையே பின்பற்றலாமே என்றால், அவையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் 2004-இல் சொன்னது ஆண்களுக்கு 3.7 லிட்டர், பெண்களுக்கு 2.7. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் சொன்னது 2.5, 2.0. ஆண்களுக்கு ஒரு லிட்டருக்கு மேல் வித்தியாசம்! அமெரிக்க எண் பெரிதும் ஒரு கணக்கெடுப்பிலிருந்து வந்தது: மக்கள் வழக்கமாக எவ்வளவு உட்கொள்கிறார்கள் என்று பார்த்து, அவர்கள் நன்றாகவே இருப்பதால் அந்த அளவு போதுமானது என்று வைத்துக்கொண்டார்கள். ஆக, அது குறைந்தபட்சத் தேவை இல்லை. ஐரோப்பியர்கள் வழக்கமான அளவோடு, சிறுநீர் எவ்வளவு அடர்த்தியாக இருந்தால் நல்லது என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டு எண்களிலும் உணவிலுள்ள நீர் அடக்கம், அது சுமார் ஐந்தில் ஒரு பங்கு. இதைக் கவனிக்காமல் 3.7 லிட்டரையும் பாட்டிலில் ஊற்றிக் குடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

எடைக் கணக்கை வேகமாகக் கடந்துவிடலாம். கிலோவுக்கு 30 முதல் 35 மில்லி என்பார்கள். தானாகக் கேட்டுக் குடிக்க முடியாத நோயாளிக்கு எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிக்க இது உதவும். மற்றவர்களுக்கு இது துல்லியம் போலத் தோன்றுவதோடு சரி. 50 கிலோ உள்ளவருக்கு 1.75 லிட்டர், 100 கிலோ உள்ளவருக்கு 3.5 லிட்டர் என்று வரும். ஆனால் தசையில் இருக்கும் அளவுக்குக் கொழுப்பில் நீர் கிடையாது. எடை இரட்டிப்பானால் தேவையும் இரட்டிப்பாகாது.

இனி தாகம். இதற்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். ரத்தத்தில் உப்பின் அடர்த்தி ஓரிரு சதவீதம் கூடினாலே மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் உள்ள உணரிகள் விழித்துக்கொள்கின்றன. வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, சிறுநீரகம் நீரைப் பிடித்து வைக்கத் தொடங்குகிறது, அப்புறம் தாகம் எடுக்கிறது. தாகம் எடுத்தாலே உடம்பு வறண்டுவிட்டது என்று பயமுறுத்துவார்கள். வால்டின் இதையும் எடுத்துப் பேசியிருக்கிறார்: அடர்த்தி 2 சதவீதம் கூடுவதற்குள் தாகம் வந்துவிடுகிறது, நீரிழப்பு என்று மருத்துவர்கள் சொல்வதோ 5 சதவீதமாவது கூடிய பிறகுதான்.

குடித்த பிறகு நடப்பது இன்னும் அருமை. தண்ணீர் ரத்தத்தில் கலக்கப் பல நிமிடங்கள் ஆகும், ஆனால் வாயும் தொண்டையும் முன்கூட்டியே தகவல் அனுப்பிவிடுவதால் தாகம் உடனே தணிகிறது. போதும் என்று சொல்லவும் உடம்புக்குத் தெரியும். 2016-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சோதனையில், தேவைக்கு மேல் தண்ணீர் குடித்தவர்களுக்கு அடுத்த வாயை விழுங்கவே சுமார் மூன்று மடங்கு சிரமமாக இருந்தது.

இந்தச் சைகையை மீறிக் குடித்தால் என்ன ஆகும்? சிறுநீரகம் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்ற முடியும். அதற்கு மேல் தொடர்ந்து போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கத் தொடங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களிடம்தான் இது அதிகம், அதாவது வியர்வையில் போனதைவிட அதிகமாகக் குடித்தவர்களிடம். அந்தப் பந்தயத்தில் 28 வயதுப் பெண் ஒருவர் இதனாலேயே இறந்துபோனார். தாகம் வருமுன் குடி, முடிந்த மட்டும் குடி என்ற அறிவுரை ஓட்டக்காரர்களிடம் பரவியிருந்த காலம் அது.

சிறுநீரின் நிறம் தாகத்துக்கு நல்ல துணை, தனியாக நம்ப அவ்வளவு உதவாது. 1994-இல் லாரன்ஸ் ஆம்ஸ்ட்ராங் குழுவினர் எட்டு நிறங்கள் கொண்ட அட்டவணையைப் பரிசோதித்து வெளியிட்டார்கள். வெளிர்மஞ்சள் என்றால் பரவாயில்லை, பழுப்புக்குப் போனால் குடிக்க வேண்டும். காலையில் முதலில் போவது எப்போதுமே அடர்த்தியாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பி வைட்டமின் மாத்திரை போட்டால் பளிச்சென்ற மஞ்சள், பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்கு இளஞ்சிவப்பு. நீர் பிரியும் மாத்திரை எடுக்கிறவர்களுக்கு இந்த அட்டவணை சரியாக வராது.

எண்ணிக்கை யாருக்கு வேண்டும் என்று முதலில் சொன்னேனே, அவர்களுக்கு வருவோம். சிறுநீரகக் கல் ஒரு முறை வந்தவர்கள்: இவர்கள் குடிப்பதை அளப்பதைவிட வெளியேறுவதை அளப்பது நல்லது, தினம் 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் போக வேண்டும். இத்தாலியில் 199 பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்ததில், நிறையக் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும் கல் திரும்ப வந்தது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்கள்: குறைவாகக் குடித்துவந்த 140 பேரில் பாதிப்பேரை நாளுக்கு 1.5 லிட்டர் கூடுதலாகக் குடிக்க வைத்தபோது, ஓராண்டில் அவர்களுக்குத் தொற்று சராசரியாக 1.7 தடவைதான் வந்தது, வழக்கம்போலக் குடித்த மறுபாதிக்கு 3.2 தடவை. 2018-இல் வந்த முடிவு இது. மருந்தில்லாமல் கிடைத்த இந்தப் பலனை அந்தத் தொல்லை உள்ள ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும்.

வயதானவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடும், சிறுநீரகமும் முன்புபோல நீரைப் பிடித்து வைக்காது. போதாததற்கு, இரவில் எழுந்து போக வேண்டுமே என்று வேண்டுமென்றே குறைத்துக் குடிப்பார்கள். அவர்களிடம் தாகமாக இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. சாப்பாட்டோடு ஒரு டம்ளர், மாத்திரையோடு ஒரு டம்ளர் என்று பகலிலேயே கையில் கொடுத்துவிடுங்கள். வெயிலில் உழைக்கிறவர்களுக்கும் இடைவெளி விட்டு நேரம் பார்த்துக் குடிப்பது நல்லது, வேலை மும்முரத்தில் தாகம் மறந்துபோகும்.

இதய பலவீனம் உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் பலருக்கு மருத்துவர் உச்ச வரம்பு ஒன்றைக் குறித்துக் கொடுத்திருப்பார். அவர்கள் நான்கு கட்சியிலும் சேர வேண்டியதில்லை, அந்த வரம்புதான் அவர்கள் கணக்கு. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தனியாகத் தண்ணீரே கொடுக்க வேண்டாம், கோடையிலும்கூட. தாய்ப்பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். பால் கொடுக்கும் தாய்க்குத்தான் நாளுக்கு 700 மில்லி கூடுதலாக வேண்டும் என்கிறது ஐரோப்பியக் கணக்கு.