கலர் பட்டை அட்டவணையைக் காட்டினால் உஷார்!

வீடு கட்ட கான்ட்ராக்ட் விடப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எங்கள் கான்ட்ராக்டர் முதல் நாளே லேப்டாப்பைத் திறந்து ஓர் அட்டவணையைக் காட்டினார். வேலைக்கு ஒரு கலரில் பட்டை, தொடங்கும் தேதி, முடியும் தேதி, பக்கத்தில் நாங்கள் கட்ட வேண்டிய தவணை. மயங்கிவிட்டோம். பட்டைகளுக்கு நடுவே ஓர் அம்புக்குறிகூட இல்லாதது அப்போது உறைக்கவில்லை. எது முடிந்தால் எதைத் தொடங்கலாம் என்பதே அதில் கிடையாது. வெறும் காலண்டர்.

மழையால் மேல்தளக் காங்கிரீட் பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. பின்னால் இருந்த தேதி ஒன்றுகூட நகரவில்லை. கேட்டால், "ஆளைக் கூட்டிப் போட்டுச் சமாளிச்சிடலாம் சார்" என்றார். ஆளைக் கூட்டினால் காங்கிரீட் சீக்கிரம் இறுகுமா? சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டில் போட்ட தளம் என்றால், தாங்கும் சுவர் அல்லது பீம்களுக்கு நடுவே 4.5 மீட்டர் இடைவெளி வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாளாவது அடியில் முட்டுகள் நிற்க வேண்டும் என்று காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்கிறது. சண்டை போட்டுத்தான் முட்டுகளைக் காப்பாற்றினேன்.

மற்றதைக் காப்பாற்ற முடியவில்லை. எலக்ட்ரீஷியன் வரவில்லை என்று சுவரை முதலில் பூசிவிட்டார்கள். அப்புறம் அவர் வந்து, பூசிய சுவரிலேயே காடி வெட்டி பைப் பதித்தார். இன்று அந்தக் கோட்டிலேயே விரிசல்.

பாத்ரூம் கதை இன்னும் மோசம். பைப்பில் அழுத்தம் கொடுத்துச் சோதித்து, வாட்டர்ப்ரூஃபிங் அடித்து, ஓரிரு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்து, கசிவு இல்லையென்றால்தான் டைல்ஸ். இவர் சோதனையைத் தாண்டி நேராக டைல்ஸுக்குப் போய்விட்டார். காரணம் பிறகுதான் புரிந்தது: டைல்ஸ் ஒட்டினால் தவணை உண்டு. தண்ணீர் தேக்கிக் காத்திருப்பதற்குப் பட்டையும் இல்லை, பணமும் இல்லை. இரண்டே மாதத்தில் கீழே ஹால் சீலிங்கில் ஈரம். டைல்ஸை உடைத்துத் திரும்பப் போட்ட செலவு என் தலையில்.

அதனால் ஒவ்வொரு பட்டைக்கும் 'இதற்கு முன்னால் எது முடிய வேண்டும், நடுவில் எத்தனை நாள் சும்மா விட வேண்டும்' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பாத்ரூம் தவணையை டைல்ஸுக்குக் கொடுக்காதீர்கள். தண்ணீர் தேக்கிய சோதனையை நீங்களே பார்த்த பிறகு கொடுங்கள்.

கடைசித் தவணை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நேற்று போன் செய்தார். அட்டவணைப்படி தேதி வந்துவிட்டதாம்.