வால்பாறைல நீலகிரி சிரிப்பான் குருவி காட்டறேன்னு எவனாச்சும் சொன்னா காசு கட்டாதீங்க

திருப்பூர்ல இருந்து நானு, எங்கம்மா, கம்பெனில கூட வேலை செய்யற ரெண்டு பேரு, அவங்க குடும்பம்னு மொத்தம் ஏழு பேரு போன பிப்ரவரில ஒரு பேர்ட் டூர் போனோம்ங்க. டூர் நடத்துனவங்க பேரு இங்க போடல, கம்ப்ளைண்ட் ஓடிட்டிருக்கு. ஆனா இதே மாதிரி நோட்டீஸ் இப்ப கோயமுத்தூர் சைடுல வாட்ஸ்அப்ல ஏகத்துக்கு சுத்துது, அதனால நடந்தத அப்படியே எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நோட்டீஸ்ல போட்டிருந்தது நல்லாத்தான் இருந்துச்சு. நாலு நாள், மூணு ராத்திரி. கோவைல கெளம்பி ஆழியாறு முள்ளுக்காடு, மேல வால்பாறை மழைக்காடு, எறங்கி டாப்ஸ்லிப் தேக்கங்காடு, கடைசி நாள் கோத்தகிரி சோலை. தலைக்கு 13,800. வனத்துறை பெர்மிஷன், பறவை எக்ஸ்பர்ட், அட்டை ஏறாம இருக்க சாக்ஸ், சோறு தண்ணி எல்லாம் சேர்த்தின்னாங்க. '160 பறவை கேரண்டி'ன்னு வேற பெருசா போட்டிருந்துச்சு. காட்டுப் பறவைக்கு எவன்யா கேரண்டி குடுப்பான், அங்கயே உசாராயிருக்கணும் நான்.

அத விட ஒண்ணு இருக்கு. வால்பாறை நாளுக்குக் கீழ நீலகிரி சிரிப்பான்னு எழுதியிருந்தாங்க. அந்தக் குருவி நீலகிரில, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கால மட்டுந்தான் இருக்கு. கணவாய்க்குத் தெக்கால ஆனைமலை, பழனி மலைல நல்ல உசரத்துல இருக்கறது பழனி சிரிப்பான், அது வேற இனம். நம்மூருக்கு ஆடிக்காத்து வருதில்லைங்களா, அதே கணவாய்தான், நடுவுல கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாம தாழ்ந்து கெடக்கு, குளிர்ல வாழற குருவி இந்த வெக்கையத் தாண்டி அக்கட்டால போறதில்ல. போன்ல கேட்டேன். "போன வாரந்தான் சார் ரெண்டு பாத்தோம்"னு சொன்னாப்டி. பேர மாத்திச் சொல்றாரு போலன்னு நானே சமாதானம் பண்ணிட்டு 60,000 அட்வான்ஸ் போட்டு உட்டேன்.

மொத நாள் காலைல அஞ்சு மணிக்கு சிங்காநல்லூர்ல நிக்கச் சொன்னாங்க, வண்டி வந்தது ஏழே காலுக்கு. டெம்போ ட்ராவலர்னு சொன்னது சீட்டு கிழிஞ்ச வேனா வந்துச்சு. எக்ஸ்பர்ட்டுக்குக் காச்சலாம், அவருக்குப் பதிலா ஒரு தம்பி. பைய பேசிப் பாத்தா அது கல்யாண போட்டோ எடுக்கற பையன். ஆழியாறுல இருந்து 40 கொண்டை ஊசி ஏறோணும், ஒம்பதாவது வளைவுல வரையாடு நின்னுட்டிருந்துச்சு, அதயும் நாங்களே பாத்துக்கிட்டோம், தம்பி ரீல்ஸ் எடுத்துட்டிருந்தாப்டி.

ரெண்டாம் நாள் நடந்ததுதான் எனக்கு இன்னும் வயித்தப் பெசையுது. ஒரு எஸ்டேட்ட ஒட்டுன காட்டுத்துண்டுல பெரிய இருவாட்சிங்கற பறவையோட கூடு இருக்குன்னு கூட்டிட்டுப் போனாங்க. இருவாட்சி சமாச்சாரம் நெறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். பொட்டை மரப்பொந்துக்குள்ள போய் வாசல அடைச்சுக்கும், ஒரு கீறல் மட்டும் இருக்கும், மாசக்கணக்குல ஆண் கொண்டாந்து ஊட்டறதுதான் உள்ள இருக்கறதுக்கு சோறு. அந்த மரத்துக்கு நேர் கீழ, இருவதடி கூட இருக்காது, எங்களை நிக்க வெச்சு தம்பி ப்ளூடூத் ஸ்பீக்கர்ல இருவாட்சி கத்தற சத்தத்தப் போட்டு உட்டாப்டி. சித்த நேரத்துல ஏதோ ரயில் வர்றாப்ல புஸ்ஸு புஸ்ஸுனு ஒரு சத்தம், அம்மா திரும்பி ரோட்டத்தான் பாத்தாங்க. றெக்கைச் சத்தம்ங்க அது. ஆண் வந்து பக்கத்து மரத்துல உக்காந்துச்சு, தொண்டை உப்பியிருந்துச்சு, ஒரு அத்திப்பழத்த அலகு நுனிக்குக் கொண்டாந்து காட்டுச்சு, மறுபடி முழுங்கிக்குச்சு. கூட்டுக்கு வரல. எங்களையே தலையச் சாய்ச்சு சாய்ச்சுப் பாக்குது, வரமாட்டேங்குது. இருவது நிமிஷம் அப்படியே.

எங்கம்மா பைனாகுலரக் கழட்டி என் கைல குடுத்துட்டாங்க. "ஏஞ்சாமி, உள்ள இருக்கறவ பசியோட கெடப்பாளே, வாங்க போலாம்"னாங்க. "ரெண்டே நிமிஷம்ங்கம்மா, ஒரு ஷாட்டு எடுத்துக்கறேன்"னு அந்தத் தம்பி. இருவாட்சி பறந்து போயிருச்சு. கூட்டுக்கிட்ட நிக்கக் கூடாது, கூப்பாட்டுச் சத்தம் போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் நானும் அங்கதான நின்னேன். தம்பி லிஸ்ட்ட எடுத்து டிக் போட்டாப்டி. அதோட உட்டிருந்தா பரவால்ல, கீழ நீலகிரி சிரிப்பானுக்கும் சேத்து ஒரு டிக்.

அன்னிக்கு ராத்திரி 'நைட் சஃபாரி', தலைக்கு 800 எக்ஸ்ட்ரான்னாப்டி. வால்பாறைல பக்கத்துல யானை இருந்தா எச்சரிக்கைக்கு செவப்பு லைட்டு எரியும், அது எங்க ரூம் வாசல்ல இருந்து பாத்தாலே எரியறது தெரிஞ்சுது. அந்த நேரத்துல டார்ச் அடிச்சுட்டு தேயிலைத் தோட்டத்துக்குள்ள போலாங்கறான், புத்தி வேண்டாமா. எங்காளுங்க ஒருத்தரும் போகல.

மூணாம் நாள் டாப்ஸ்லிப். வெள்ளைக்காரன் காலத்துல வெட்டுன மரத்த மேல இருந்து சறுக்கி உட்டதால வந்த பேருன்னு வழில நானே எல்லாத்துக்கும் சொல்லிட்டு வந்தேன், எக்ஸ்பர்ட் வேலையும் நானே பாத்தாச்சு. சேத்துமடை செக்போஸ்ட்ல கேட்டா எங்க பேர்ல எந்த புக்கிங்கும் இல்ல. எல்லாம் சேர்த்தின்னு சொல்லிட்டு பெர்மிஷனுக்குன்னு தனியாவும் வாங்குன 1,500 எங்கன்னு கேட்டா ஓனருக்குப் போன் போடறாப்டி, ஓனர் எடுக்கல. அப்பறம் பொழுது போகோணுமேன்னு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு வண்டியத் திருப்பினாப்டி. ஏமாத்துனவனுக்கு மொளகா அரைச்சு நீதிக்கல்லுல பூசற கோயில்ங்க அது! எங்கம்மா நேராப் போய் மொளகா வாங்கி அரைச்சாங்க. தம்பி பக்கத்துலயே நின்னு பையப் புடிச்சுட்டிருந்தாப்டி, பாவம், யாருக்கு அரைக்கறாங்கன்னு தெரியல.

கோத்தகிரிக்குப் போறப்ப ஈபாஸ் எடுக்கல, செக்போஸ்ட்ல ஒரு மணி நேரம். 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கு அது வேணும், ஆன்லைன்ல சும்மா கெடைக்குது, இவங்க அதுக்கும் தலைக்கு 150 போட்டிருந்தாங்க. லாங்வுட் சோலை, உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் லிஸ்ட்ல 2024-ல சேத்தாங்களே அது, கேட் பூட்டியிருந்துச்சு, பெர்மிஷன் இல்ல. சைடுல வேலி தாழ்வா இருக்கு தாண்டிரலாம்னாப்டி. எங்கம்மாவுக்கு வயசு 66.

சரி போச்சாதுன்னு ரோட்டோரம் ஒரு கடைல டீ குடிச்சுட்டிருந்தோம். பொறத்தால கேரட் தோட்டத்து வேலில சிரிச்சுட்டே நாலு குருவி வந்து எறங்குச்சு. கண்ணுக்கு மேல வெள்ளைப் புருவம், வயிறு செம்பழுப்பு. நீலகிரி சிரிப்பான்! அஞ்சு நிமிஷம் எங்க முன்னாடியே குதிச்சுட்டிருந்துச்சு. தம்பி வேன்ல தூங்கிட்டிருந்தாப்டி.

நீங்க போறதா இருந்தா டாப்ஸ்லிப் ரூமு ஆனைமலை புலிகள் காப்பக வெப்சைட்லயே புக் பண்ணிக்குங்க, நடுவுல ஆள் வேண்டாம். பெர்மிஷன் ரசீத கெளம்பறதுக்கு முன்னாடியே போட்டோ அனுப்பச் சொல்லுங்க. சத்தம் போட்டுப் பறவையக் கூப்பிடுவீங்களான்னு கேளுங்க, பெருமையா ஆமான்னா போனை வெச்சிருங்க. பாதிக்கு மேல அட்வான்ஸ் வேண்டாம், நான் போட்ட 60,000-ல திரும்பி வந்தது 3,000. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல பதிஞ்சிருக்கேன், பாக்கலாம்.

முந்தாநேத்து அவங்க அடுத்த டூருக்கு நோட்டீஸ் வந்துச்சு, இப்ப தலைக்கு 15,500. 'எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்'னு ஒரு போட்டோ, பாத்தா எங்கம்மா, மாசாணியம்மன் கோயில்ல கையெல்லாம் மொளகாயோட. வால்பாறைக்குக் கீழ இன்னும் நீலகிரி சிரிப்பான் இருக்கு.