புத்தகமா, யூடியூபா, கடை ஸ்டூலா: ரிப்பேர் கற்க எது தோது?

போன ஆடியில் எங்கள் வீட்டு இண்டக்ஷன் அடுப்பு உயிரை விட்டது. பட்டனை அழுத்தியதும் 'டப்' என்று ஒரு சத்தம், கூடவே எம்.சி.பி.யும் (ஷார்ட் ஆனால் கரன்ட்டைத் தானே நிறுத்தும் ஸ்விட்ச்) விழுந்தது. காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரி பழையபேட்டைக்குத் தூக்கிக்கொண்டு போகச் சோம்பல். நாமே பார்த்துவிடலாம் என்று திறந்தேன். ரிப்பேர் கற்றுக்கொள்ள எத்தனை வழி உண்டோ, அத்தனையையும் அந்த ஒரே அடுப்பில் பரீட்சை பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

முதலில் யூடியூப். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூ எது, காயில் ஒயரை எந்தப் பக்கம் மடக்கினால் போர்டு வெளியே வரும், ஈயம் உருகும்போது எப்படி மினுங்கும் என்பதையெல்லாம் கண்ணால் பார்த்தால்தான் புரியும். எந்தப் புத்தகமும் அதைக் காட்டாது. வீடியோக்காரர் சொன்னபடி ஐ.ஜி.பி.டி.யின் (அடுப்புக் காயிலுக்குக் கரன்ட்டை விட்டு விட்டுக் கொடுக்கும் ஸ்விட்ச் மாதிரியான பாகம்) கலெக்டர், எமிட்டர் என்ற இரண்டு காலிலும் மல்டிமீட்டரை வைத்தேன். 'பீ...' என்று கத்தியது. ஷார்ட். புதிய ஐ.ஜி.பி.டி., புதிய பியூஸ் போட்டு, பெருமையாக ஸ்விட்சைத் தட்டினேன். மறுபடியும் 'டப்'.

150 ரூபாயும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போயின. அவர் அடுப்பு ஓடியது, என்னுடையது ஓடவில்லை. ஏன் என்று அந்த வீடியோவிடம் கேட்க முடியாது. வீடியோ ஒரு பொருளின் ஒரு பழுதைத்தான் காட்டும். நம் பழுது அதுவாகவே இருந்தால் அதிர்ஷ்டம்.

அப்புறம்தான் புத்தகம். தர்மபுரி மாவட்ட மைய நூலகத்தில் எடுத்த பழையது, அட்டை கிழிந்தது. பாதிக்கு மேல் படக்குழாய் டிவி பற்றித்தான். 2006-ல் இலவச கலர் டிவி வரத் தொடங்கி, ஊருக்கு நாலு டிவி மெக்கானிக் பிஸியாக இருந்த காலத்துக்குச் சரி. இண்டக்ஷன் அடுப்பு என்ற பேச்சே அதில் இல்லை. புத்தகத்தின் பெரிய குறை இதுதான்: பொருள் மாறிவிடும், அச்சு மாறாது. இன்னொரு குறை மொழி. 'மின்தேக்கி', 'மின்தடை' என்று பக்கம் பக்கமாகப் படித்துவிட்டுக் கடையில் போய் மின்தேக்கி கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அங்கே அது கண்டன்சர்தான்.

ஆனாலும் என் அடுப்புக்கு விடை சொன்னது அந்தப் படக்குழாய் அத்தியாயம்தான். டிவியில் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் (அங்கே காயிலுக்குக் கரன்ட்டை விட்டு விட்டுக் கொடுப்பது) மாற்ற மாற்றப் போய்க்கொண்டே இருந்தால், டிரான்சிஸ்டரைத் திட்டாதே, பக்கத்தில் இருக்கும் டியூனிங் கண்டன்சரைப் பார் என்று விளக்கியிருந்தார்கள். அதன் அளவு குறைந்துவிட்டால், டிரான்சிஸ்டர் அணையும் ஒவ்வொரு முறையும் காயிலிலிருந்து திரும்பும் வோல்டேஜ் தாங்க முடியாத அளவுக்கு எகிறும். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுப்பிலும் இதே ஏற்பாடுதானே! ஒரு காயில், அதோடு சேர்ந்த ஒரு கண்டன்சர், இரண்டையும் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் விட்டு விட்டு ஓட்டும் ஒரு ஸ்விட்ச். என் போர்டில் அந்தக் கண்டன்சர் மேல் 0.3 மைக்ரோஃபாரட், 1200 வோல்ட் என்று எழுதியிருந்தது. என்னிடம் இருந்த மஞ்சள் மீட்டரில் கண்டன்சர் அளக்க வசதி இல்லை. சரி, கடைக்கே போனேன்.

பழையபேட்டைக் கடைக்கார அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி பல்புல போட்டுப் பாத்தீங்களா தம்பி?"

பார்க்கவில்லை. சீரீஸ் பல்பு போர்டு என்பது 100 வாட் குண்டு பல்பும் ஒரு பிளக் பாயின்டும்தான். பழுதான பொருளை அதன் வழியாகக் கொடுத்தால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், போர்டு பிழைக்கும். வீடியோவில் அதைக் காட்டவே இல்லை. புத்தகத்தில் படத்தோடு இருந்தது, நான்தான் தாண்டிவிட்டேன். அண்ணன் தன் மீட்டரில் கண்டன்சரை அளந்தார். 0.19. சிரித்துக்கொண்டே குப்பை டப்பாவில் போட்டார்.

கடையில் உட்கார்ந்து கற்பதற்கு ஈடு கிடையாது, உட்கார விட்டால். டேபிள் ஃபேன் வந்தால் அண்ணன் மீட்டரையே தொட மாட்டார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு றெக்கையை விரலால் ஒரு தட்டு. இறுக்கமாக நின்றால் புஷ் (தண்டு சுற்றும் உலோக வளையம்) காய்ந்திருக்கிறது, மெஷின் ஆயில் போதும். லேசாகச் சுற்றுகிறது, கரன்ட் கொடுத்தால் மட்டும் 'உம்ம்' என்று நிற்கிறது, தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் கண்டன்சர். மிக்சியை மூக்கில் வைத்தே காயில் கருகியதா என்று சொல்லிவிடுவார். ஆனால் ஏன் என்று கேட்டால் "அது அப்படித்தான்" என்பார். வாடிக்கையாளர் நிற்கும்போது பாடம் நடத்த அவருக்கு ஏது நேரம்? அதுவும் போக, வேலைக்குப் போகிறவன் மாதக்கணக்கில் ஸ்டூலில் உட்கார முடியாது. ஐ.டி.ஐ.க்கும் இதே சிக்கல்தான். எலக்ட்ரானிக் மெக்கானிக் படிப்பு இரண்டு வருஷம். பத்தாவது முடித்த பையனுக்கு நல்ல வழி, நாற்பது வயதுக்காரனுக்கு ஒத்துவராது.

என்னைக் கேட்டால் புத்தகம்தான் முதலில். கரன்ட் எங்கே வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று வரிசையாகத் தேடும் பழக்கம் எனக்கு அதிலிருந்துதான் வந்தது. கழற்றும்போது மட்டும் அந்த மாடலின் வீடியோவைப் பார்க்கிறேன். கடைக்குப் போவது மாட்டிக்கொண்டால்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் புத்தகம் சொல்வதை எழுத்துக்கு எழுத்து கேளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டிவி, கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளில் பெரிய கண்டன்சர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். பல்பின் இரண்டு ஒயரையும் கண்டன்சரின் இரு காலிலும் வைத்து, தேங்கியதை இறக்கிவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பழைய படக்குழாய் டிவி என்றால் குழாயின் முதுகில் ரப்பர் மூடிக்கு அடியில் 20,000 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம். அதில் கற்றுக்கொள்ள ஆரம்பிக்க வேண்டாம்.

ஆரம்பிக்க ஃபேன் நல்லது. 2011-க்குப் பிறகு கிடைத்த விலையில்லா டேபிள் ஃபேன் பல வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கும். புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு அதைக் கழற்றிப் பாருங்கள். என் அடுப்பு இப்போது ஓடுகிறது, பால் பொங்குகிறது. நூலகப் புத்தகத்தின் 'டிவி' அத்தியாயத்தில் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்டப் பூசும் பசை) கறை ஒன்று விழுந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கும்போது என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.