பள்ளி குரூப் போட்டோவை ஸ்கேன் செய்ய எப்சன் வி39 சரிப்படுமா?

பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவை யாரும் தூக்கிப்போட்டிருக்க மாட்டார்கள். நடுவில் தலைமையாசிரியர், காலடியில் ‘10-பி’ என்று சாக்பீஸால் எழுதிய சிலேட்டு, பின்னால் பெஞ்சு மேல் ஏறி நிற்கும் நெட்டைப் பையன்கள், அட்டையின் அடியில் ‘நிற்பவர்கள் (இடமிருந்து வலம்)’ என்று பெயர் வரிசை. அதைக் கைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், பெரிதாக்கிப் பார்க்கும்போது முகத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி39 ஸ்கேனர் இந்த வேலைக்கு நன்றாக உழைக்கிறது. பெரிய குறை ஒன்றே ஒன்று.

முதலில் கணக்கு. அறுபது பேர் நிற்கும் 10×12 அங்குலப் படத்தில் ஒரு முகம் ஏறக்குறைய 1 செ.மீ. இருக்கும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அதற்குக் கிடைப்பது 118 பிக்சல், 600-இல் 236. அரும்பு மீசையும் இரட்டைப் பின்னல் ரிப்பனும் துலங்க 600 போதும். பெட்டியில் 4800 என்று போட்டிருக்கிறதே என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டாம், பழைய பிரிண்டில் அவ்வளவு நுணுக்கம் கிடையாது. 600-இல் முழுக் கண்ணாடிப் பரப்புக்கு டிஃப் கோப்பு (சுருக்காமல் சேமிக்கும் பட வடிவம்) சுமார் 107 எம்பி வரும், 1200-இல் அதைப்போல் நான்கு மடங்கு.

இப்போது குறை. இது சிஐஎஸ் வகை ஸ்கேனர், அதாவது படத்தைப் படிக்கும் உணரி கண்ணாடிக்கு அடியிலேயே ஒட்டி நகரும் வகை. இதனால்தான் மெலிதாக இருக்கிறது, யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடுகிறது. ஆனால் கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டுமே துல்லியமாக விழும். குரூப் போட்டோ ஒட்டிய தடித்த அட்டை நாளாக ஆகப் படகு போல வளைந்துவிடும். ஓரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கினாலே கடைசியில் நிற்கும் இரண்டு பேர் மங்கிப்போவார்கள். மூடியைக் கழற்றிவிட்டு, அட்டை மேல் கறுப்புத் துணி போட்டு, உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். கனமான புத்தகங்களை அடுக்கினால் கண்ணாடிக்கு ஆபத்து. வளைவு அதிகம் என்றால் சற்று விலகியிருப்பதையும் தெளிவாக எடுக்கும் சிசிடி வகை ஸ்கேனர் உள்ள ஸ்டூடியோவில் கொடுப்பதே நல்லது.

ஃபிரேம் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்கவே கூடாது, படலம் கண்ணாடியோடு வந்துவிடும். இந்த ஸ்கேனரும் அதற்கு உதவாது. பக்கவாட்டு வெளிச்சத்தில், எதிரே கறுப்புத் துணி கட்டி, கேமராவில் எடுக்க வேண்டியதுதான்.

ஸ்கேனரின் பரப்பு 8.5×11.7 அங்குலம், அதனால் 10×12 படம் ஒரே தடவையில் அடங்காது. படத்தின் 10 அங்குலப் பக்கத்தை நீளவாட்டில் வைத்து இரண்டு முறை எடுத்தால் நடுவில் 5 அங்குலம் பொதுவாகக் கிடைக்கும். இலவச மென்பொருளான ஹுகினில் இணைக்க அது தாராளம். வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ எக்ஸ்போஷரை அணைக்க மறந்தால் இரண்டு பாதியும் வேறு வேறு நிறத்தில் வந்து, நடுவில் தலைமையாசிரியர் மேலேயே கோடு விழும்.

‘டஸ்ட் ரிமூவல்’ வசதியையும் அணைத்துவிடுங்கள். பொட்டும் மூக்குத்தியும் தூசி என்று அழிந்துபோகக்கூடும். அதற்குப் பதில் புளோயரால் ஊதித் தூசியைத் தட்டுவதே சரி. துடைக்கும் திரவத்தைக் கண்ணாடிக்கு மட்டும், அதுவும் துணியில் தொட்டுப் பயன்படுத்துங்கள். கறுப்பு வெள்ளைப் படமானாலும் 24 பிட் கலரிலேயே எடுத்தால், மஞ்சள் கறையைப் பிறகு தனியாகப் பிரித்துக் குறைக்கலாம்.

சில பிரிண்டுகளின் மேல்பரப்பு தேன்கூடு போலச் சொரசொரப்பாக இருக்கும். ஸ்கேனர் விளக்கு அந்த மேடுகளில் பட்டு, முகமெல்லாம் வெள்ளைப் புள்ளி தெறிக்கும். ஒரு தடவை எடுத்துவிட்டு, போட்டோவை 180 டிகிரி திருப்பி இன்னொரு தடவை எடுங்கள். கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் இரண்டாவதை நேராகத் திருப்பி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மேல் அடுக்கின் அடர்த்தியை 50 சதவீதமாக்கினால் புள்ளிகள் பெருமளவு அடங்கும். நேரம் பிடிக்கிற வேலைதான், முகங்களைப் பார்த்தால் தாராளமாகச் செய்யலாம்.

நண்பர்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’ ஆகவே இணையுங்கள், படமாகப் போட்டால் சுருக்கிவிடும். பெயர் வரிசையைத் தனியாக ஒரு ஸ்கேன் எடுங்கள். அட்டையின் பின்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். கடைசி நாளில் இங்க் பேனாவில் வாங்கிய கையெழுத்துகள் அங்கேதான் இருக்கும். நீல மை வெளுத்திருந்தாலும், கலரில் எடுத்த ஸ்கேனில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் பெரும்பாலும் படித்துவிடலாம்.